பதினேழாம் நாள்

கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐம்பதாம் ஆண்டு மலரில் என் அண்ணியைப் பற்றி நான்கு வரிகள் உள்ளன. 'இந்நிறுவனத்திலிருந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளுள் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது இவருடையதே' என்பது அவற்றுள் ஒன்று. அந்த வரி பொய்யன்று. எண்ணிக்கையை எடுத்துக் கொடுத்தவனே நான்தான். ஆனால் அதைப் படிக்கும் எவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார். அது பாராட்டு அல்ல என்று விளக்கி மலர்க் குழுவுக்கு இரண்டு முறை எழுதினேன். பக்கங்கள் நிரம்பிவிட்டன என்று ஒரு முறை பதில் வந்தது. என் இரு கடிதங்களின் நகலும் அந்தப் பதிலும் கோப்பில் உள்ளன. மலரில் கிடைக்காத இடத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் அந்நிறுவனத்தின் நூலக உதவியாளனாக இருந்தவன். பள்ளிப் படிப்போடு வேலைக்குச் சேர்ந்தேன். ஆய்வு இதழ்களைப் படிக்க நானாகவே கற்றேன். ஒருவர் எழுதிய கட்டுரையைப் பின்னால் வருபவர் தம் கட்டுரையில் சுட்டினால் அது ஒரு மேற்கோள். பதவி உயர்வும் நிதியும் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே வழங்கப்படும். ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் அதைக் கணக்கெடுத்து வைப்பது என் வேலை.

அண்ணி கால்நடை மருத்துவம் படித்துவிட்டுக் கருவளர்ச்சி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆட்டின் வயிற்றில் குட்டி எந்த நாளில் எந்த உறுப்பை அடைகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. எங்கள் கட்டடத்தின் நீண்ட நடைவழியில் ஒரு முனையில் கால்நடை மருத்துவத் துறை. மறுமுனையில் கருவளர்ச்சித் துறை. முன்னவர்கள் அவரைத் 'தவளைக்காரி' என்றார்கள்; கருவளர்ச்சி ஆட்கள் தவளை முட்டையோடு காலம் கழிப்பவர்கள் என்பது அவர்கள் எண்ணம். பின்னவர்கள் 'ஆட்டுக்காரி' என்றார்கள். இரு துறைகளும் தத்தம் பட்டியலில் அவரைச் சேர்க்கத் தயங்கியதால், நடைவழியின் நடுவில், மாடிப்படிக்கு அடியில் அவருக்கு அறை தந்தார்கள். யாராவது படியேறினால் மேசையில் இருந்த நுண்ணோக்கி அதிரும். காலடி ஓயும்வரை கண்ணை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். என் அண்ணன் பேட்டரிக் கடை வைத்திருந்தார். மாலையில் மூவரும் வீடு திரும்பியதும் அவர் சொல்வது வழக்கம்:

"ஒருத்தி மேல பார்மலின் வாடை, எம்மேல ஆசிட் வாடை, இவன் மேல கரப்பான்பூச்சி மருந்து வாடை. திருடன் வந்தா வாசல்லயே மயங்கி விழுந்துடுவான்."

அண்ணியின் பெயர் வெளியே தெரிய வந்தது ஒரு குடற்புழு மருந்தால். ஆட்டுப் பண்ணைகளில் எல்லோரும் வாங்கும் மலிவான மருந்து அது. சினை ஆட்டுக்கு அதைப் பதினேழாம் நாளில் கொடுத்தால் குட்டியின் முதுகெலும்பு கோணிவிடும் என்று அண்ணி கண்டார். அதற்கு முதல் நாளில் கொடுத்தால் ஒன்றுமில்லை; அடுத்த நாளில் கொடுத்தாலும் ஒன்றுமில்லை. அந்த ஒரு நாளில்தான் முதுகெலும்புக்கான இழை மடிந்து மூடுகிறது. கருக்களை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாகச் சீவி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, அந்த மடிப்பு நின்றுபோன இடத்தைக் காட்டினார். கட்டுரை ஒரு கால்நடை மருத்துவ இதழில் வந்தது. மறு ஆண்டு, 'சினைப் பருவத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டாம்' என்ற எச்சரிக்கை மருந்துப் புட்டியில் ஏறியது. அண்ணன் காலிப் புட்டி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கடையில் பார்வைக்கு வைத்தார். கார் பேட்டரி வாங்க வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துக் குழம்பினார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் வேறொரு நாட்டின் பெரிய ஆய்வகம் ஒன்று அதே பரிசோதனையைப் பன்மடங்கு ஆடுகளில் செய்தது. அது கருவளர்ச்சித் துறையில் பேர்போன ஆய்வகம். பதினேழாம் நாளில் மருந்து கொடுத்தார்கள். குட்டிகள் அனைத்தும் நலமாகப் பிறந்தன. முன்னர் வெளியான முடிவை உறுதிப்படுத்த இயலவில்லை என்று நயமாக எழுதினார்கள். புட்டியிலிருந்து எச்சரிக்கை நீக்கப்பட்டது.

அதன்பின் அண்ணியின் மேற்கோள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. சிறிய ஆய்வுகள் எப்படி வழிதவறும் என்று எழுத வந்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய கட்டுரை கைக்கு வசதியான எடுத்துக்காட்டானது. பாடநூல் ஒன்றிலும் அது இடம்பெற்றது. இயக்குநர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்ந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். நான் மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏற்று எழுதியவை எத்தனை, மறுத்து எழுதியவை எத்தனை என்று பிரித்து ஆண்டறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தேன். ஏறத்தாழ எல்லாமே மறுப்பு. வேறு யாருடைய எண்ணிக்கையையும் அவ்வாறு பிரிக்கும் வழக்கமில்லை என்று கூறி அந்தப் பத்தியை நீக்கினார்கள். என்னைப் பழைய இதழ்க் கிடங்குக்கு மாற்றினார்கள்; எண்ணிக்கை எடுக்கும் வேலை மட்டும் என்னிடமே இருந்தது. மாற்றல் ஆணையில் 'நிர்வாகக் காரணம்' என்று உள்ளது. ஆணை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அண்ணன் அந்தச் செய்தியைக் கேட்டுச் சிரித்தார்.

"ஊரெல்லாம் சேர்ந்து என் பொண்டாட்டியைத் திட்டுது. எத்தனை பேர் திட்டுனான்னு எண்ணி, அதுக்கு மாலை போடுறான் உங்க ஆபீஸ்ல."

அண்ணி சிரிக்கவில்லை. "திட்டலைங்க. நான் தப்புன்னு சொல்றாங்க. தப்பாத்தான் இருக்கணும். அவங்ககிட்ட அத்தனை ஆடு இருக்கு."

அவர் அதை உண்மையாகவே நம்பினார். அவருக்கு இழைக்கப்பட்டவற்றில் கொடியது எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தகடுகளை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தார். மடிப்பு நின்றுபோன இடம் ஒவ்வொரு முறையும் அங்கேயே இருந்தது. தாம் பார்ப்பதைத் தாமே நம்பாத நிலைக்கு வந்து, மாணவர்களுக்குத் தம் கட்டுரையையே பிழைக்கு எடுத்துக்காட்டாகப் பாடம் நடத்தினார். ஏழு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

ஒரு நாள் காலை, செம்மறிப் பண்ணைக்காரர் ஒருவர் சாக்குப் பையோடு மாடிப்படி அறைக்கு வந்தார். நான் அண்ணிக்குப் பழைய இதழ் ஒன்றைக் கொடுக்க வந்து அங்கே நின்றிருந்தேன்.

"புழு மருந்து சினை ஆட்டுக்கு ஆகாதுன்னு சொன்ன டாக்டரம்மா நீங்கதானே?"

"நான்தான். ஆனா அது தப்புன்னு..."

"தெரியும். தப்புன்னு சொல்லி புட்டியில இருந்த எழுத்தையும் எடுத்துட்டாங்க. அதான் தைரியமா ஊத்துனேன்." சாக்கை மேசைமேல் வைத்து வாயை அவிழ்த்தார். "இப்ப சொல்லுங்க, எது தப்பு?"

உள்ளே பிறந்த அன்றே இறந்த ஒரு குட்டி. முதுகு வில்லாக வளைந்து, பின்னந்தலை இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணி கையுறை போடவில்லை. வளைவின்மேல் விரலை வைத்து மெல்ல ஓட்டினார்.

"எத்தனை?"

"நீலமெல்லாம்."

"நீலம்னா?"

அவர் சலிப்போடு விளக்கினார். மந்தையில் எந்த ஆடு எப்போது ஈனும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் கொட்டிலில் இடம் ஒதுக்க முடியும். அதற்காகக் கடாவின் நெஞ்சில் சாயம் பூசிவிடுவார். கடா ஏறும்போது அந்தச் சாயம் பெட்டையின் பின்முதுகில் ஒட்டிக்கொள்ளும். நாளுக்கொரு நிறம். ஒரே நாளில் சினையானவை ஒரே நிறத்தோடு நிற்கும்.

"சிவப்பு போட்டதெல்லாம் நல்ல குட்டி. பச்சையும் நல்ல குட்டி. நடுவுல நீலம் மட்டும் இப்படி. நான் என்ன நெனச்சேன்னா, நீலச் சாயத்துலதான் விஷம்னு டப்பாவோட தூக்கி எறிஞ்சேன். கடைக்காரனையும் ஒரு பிடி பிடிச்சேன். அவன்தான் சொன்னான், என்னை ஏய்யா திட்டுற, மருந்தைப் பத்தி ஒரு அம்மா எழுதுச்சே, அதைப் போய்க் கேளுன்னு."

"நீலம் பூசினது என்ன கிழமை?"

"திங்கள். கடா அன்னைக்கே ஏறிடுச்சு."

"மருந்து?"

"எல்லா ஆட்டுக்கும் ஒரே நாள்லதான் ஊத்துனேன். அந்தத் திங்களுக்கு அடுத்ததுக்கு அடுத்த வாரம், வியாழன்."

அண்ணி விரல்விட்டு எண்ணினார். எண்ணும்போது திங்களுக்கு விரல் மடக்கவில்லை. செவ்வாயில் தொடங்கினார். கால்நடை மருத்துவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள். கடா ஏறிய நாள் பூஜ்யம், மறுநாள் ஒன்று. எண்ணி முடித்தபோது பதினேழு வந்தது. சட்டென்று எழுந்து, அந்த வெளிநாட்டு ஆய்வகத்தின் கட்டுரையை அலமாரியிலிருந்து எடுத்தார். வரிக்கு வரி அடிக்கோடிட்ட பிரதி. அடிக்கோடு விழாத ஒரே இடம், செய்முறையைச் சொல்லும் பகுதியின் இரண்டாம் வாக்கியம். இனச்சேர்க்கை நாள் முதல் நாளாகக் கொள்ளப்பட்டது என்று அது கூறியது.

அவர் அமர்ந்துவிட்டார்.

"தம்பி, அவங்க மருந்து குடுத்தது பச்சைக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. அவர்களுடைய பதினேழாம் நாள் இவருடைய பதினாறாம் நாள்; நீலத்துக்கு மறுநாள் சாயம் ஏறிய பச்சை ஆடுகள் மருந்து குடித்தது அந்த நாளில்தான். அந்த நாளில் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று இவரே எழுதியிருந்தார். அவர்கள் அவரை மறுக்கவே இல்லை. அவர் சொன்னதில் ஒரு பாதியை அறியாமலே உறுதி செய்திருந்தார்கள்.

"அந்த வரியை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், தம்பி. கண்ணுல படவே இல்லை. என் கட்டுரையைப் பாரு. எந்த நாள்லேர்ந்து எண்ணினேன்னு நான் எழுதவே இல்லை. மாட்டு டாக்டருங்க படிக்கிற பத்திரிகை, அவங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

பண்ணைக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப சாயம் நல்ல சாயம்தானா?" என்று கேட்டார்.

அன்று இரவு சாப்பாட்டில் அண்ணனுக்கு அதை விளக்கினோம். அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"இது எனக்கு நடந்திருக்குடா. லிஃப்ட் இல்லாத கட்டடம். இரண்டாவது மாடிக்குப் பேட்டரி வேணும்னான். சுமந்துட்டு ஏறி, ஒண்ணு, இரண்டுன்னு போய்க் கதவைத் தட்டினா, அவன் கீழ் மாடியில நின்னு கத்துறான். அவன் கணக்குல தரையே ஒண்ணாம்." சற்று யோசித்தார். "அப்ப உன் விஷயத்துல அவங்க ஒரு மாடி கீழே போய்த் தட்டிட்டு, இந்த வீட்டுல ஆளே இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

"ஆமாங்க. எந்த மாடின்னு நானும் சொல்லலை."

"சரி, இப்ப சொல்லு. சத்தமா சொல்லு."

அதைச் சொல்வதற்குள் அண்ணி இழந்தவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் அடுத்த பருவத்தில் அண்ணிக்கு நடக்க இருந்தது. கிடைத்தால் நல்ல அறையும், தகடுகளுக்கும் மெழுகுக் கட்டிகளுக்கும் குளிரூட்டிய இடமும், இரண்டு உதவியாளர்களும் உண்டு. இயக்குநர் அவரை அழைத்தார். எண்ணிக்கைத் தாளோடு என்னையும் வரச் சொன்னார். இயக்குநர் கோழித் தீவன ஆராய்ச்சியில் உயர்ந்தவர், ஆட்டோடு பழக்கமில்லை.

"மேடம், அந்த ஆய்வகத்தோட நாம கூட்டுத் திட்டம் கையெழுத்துப் போடப் போறோம். இந்த நேரத்துல நீங்க அவங்களுக்கு நாள் எண்ணத் தெரியலைன்னு எழுதணுமா?"

"அவங்களுக்குத் தெரியும் சார். அவங்க கணக்கு வேற, என் கணக்கு வேற. அதைத்தான் எழுதப் போறேன்."

"உங்க எண்ணிக்கை இந்த நிறுவனத்துல யாருக்கும் இல்லை. அதைக் கெடுத்துக்காதீங்க."

"கிட்டத்தட்ட எல்லாருமே நான் தப்புன்னுதானே சார் எழுதியிருக்காங்க?"

"கூட்டிப் போடுற மெஷினுக்கு அது தெரியுமா? எண்ணிக்கை எண்ணிக்கைதான். நேர்காணல் முடியட்டும், அப்புறம் எழுதுங்க. நானே கையெழுத்துப் போடறேன்."

அண்ணி நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆடு சினைக்குச் சேருறது நேர்காணலுக்கு முன்னாடி சார். எல்லாப் பண்ணையிலயும் அந்த மாசத்துலதான் புழு மருந்து ஊத்துவாங்க. குட்டி சாகும்."

"குட்டி எங்கதான் சாகலை, மேடம்?"

அண்ணி எழுந்தார். நான் தாளை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்தேன். நடைவழியில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "குளிரூட்டின இடம் கிடைச்சிருக்கும், தம்பி."

அன்றே திருத்தக் குறிப்பை எழுதினார். மறுப்புக் கட்டுரையை வெளியிட்ட கருவளர்ச்சி இதழுக்கு அனுப்பினார். இது கால்நடை மருத்துவப் பயன்பாடு சார்ந்தது, அத்துறை இதழை அணுகவும் என்று திரும்பி வந்தது. தம் கட்டுரையை வெளியிட்ட கால்நடை இதழுக்கு அனுப்பினார். இது கருவின் வயதைக் கணக்கிடும் முறை பற்றியது, கருவளர்ச்சி இதழை அணுகவும் என்று திரும்பி வந்தது. அந்த வெளிநாட்டு ஆய்வகத்துக்கே எழுதினார். அக்கட்டுரையை எழுதியவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டார் என்று பதில் வந்தது. மூன்று கடிதங்களும் கோப்பில் உள்ளன. கடைசியில் செம்மறி வளர்ப்போர் சங்கம் நடத்திய ஒரு சிறிய இதழ் மூன்று பக்கம் தந்தது. நாளை எப்படி அறிந்தோம் என்று காட்ட வேண்டியிருந்ததால் கடாவுக்குச் சாயம் பூசும் முறையை அதில் விரிவாக எழுதினார். பண்ணைக்காரருக்கு நன்றி தெரிவித்தார்.

அது அச்சாகி வருவதற்குள் அந்தச் சினைப் பருவத்து ஆடுகள் மருந்து குடித்து முடித்திருந்தன.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அந்த மூன்று பக்கங்களை அனுப்பி, எச்சரிக்கையை மீண்டும் சேர்க்கக் கோரினார். 'இதுவரை எவராலும் மேற்கோள் காட்டப்படாத கட்டுரையை, பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைக்கு எதிரான சான்றாகக் கொள்ள இயலாது' என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நான் நெகிழி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுத்துப் பார்ப்பதால் ஓரம் மடிந்துவிட்டது.

பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. படிக்கட்டு அறை கூட்டுத் திட்டத்தின் கணினிகளுக்குத் தேவைப்பட்டது. அண்ணியின் பெட்டிகளை வளாகத்தின் பின்புறத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம்தான் என்றார்கள். கோடை வந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது மெழுகுக் கட்டிகள் உருகி, பெட்டிகளின் அடியில் ஒரே பாளமாக உறைந்திருந்தன. பல ஆண்டுகளின் கருக்கள், எந்த நாளுக்குரியது எது என்று தெரியாமல், அதற்குள் மங்கலான புள்ளிகளாகக் கிடந்தன. அண்ணி ஒரு பாளத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓசை எழாமல் பெட்டியில் வைத்தார்.

அவர் ஓய்வு பெற்றபின் அவர் எண்ணிக்கையைப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. பழைய கட்டுரையின் மேற்கோள் ஆண்டுதோறும் ஏறியது. மூன்று பக்கக் குறிப்புக்கு ஒன்றும் இல்லை. பண்ணைக்காரர் மட்டும் அவ்வப்போது வருவார். அவரைச் சுற்றியிருந்த சில பண்ணைகளில் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். "உங்க கட்டுரையை எவன் படிச்சான், டாக்டரம்மா? நான் அந்தக் குட்டியைக் காட்டினேன்" என்றார்.

இந்த ஆண்டு, மலர் வெளியான அதே மாதத்தில், மூன்று பக்கக் குறிப்புக்கு முதல் மேற்கோள் வந்தது. அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். எங்கோ தொலைவில் ஒரு கால்நடை மருத்துவர், மலிவான மருந்துகள் சிலவற்றைப் புழுக்களின்மேல் சோதித்து எழுதியது. அதில் அண்ணியின் பெயர் ஒரே இடத்தில் இருந்தது: கடாவுக்குச் சாயம் பூசும் முறைக்கு.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருஷம் காத்திருந்து கடைசியில பெயிண்டர்னு பேர் வாங்கிட்டா! கடைக்குப் பக்கத்துல இடம் இருக்கு, போர்டு மாட்டிடலாம்."

அண்ணியும் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுரை முழுவதையும் படிக்கத் தொடங்கினார். சாயத்தோடு சேர்த்து அவருடைய நாள் கணக்கையும் அந்த மருத்துவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். கடா ஏறிய நாள் பூஜ்யம். கடைசி அட்டவணையில், எந்த ஆட்டுக்கு எந்த நாளில் எந்த மருந்து, குட்டி என்னவாயிற்று என்று நிரல் நிரலாக இருந்தது. அதே மருந்து. பதினேழு என்று இருந்த வரியில் நான்கு குட்டிகள். நான்குக்கும் நேரே 'முதுகெலும்புக் கோணல், இறப்பு'. முந்தைய வரியிலும் பிந்தைய வரியிலும் நலம். எழுதியவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் புழுக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இது போதுமே! நீங்க சொன்னது சரின்னு ஆயிடுச்சே!" என்றேன்.

அவர் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நாலு குட்டி, தம்பி. நான் சொன்னது சரியான்னு பார்க்கணும்னா ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கணும்."

அண்ணனின் சிரிப்பு நின்றிருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து அண்ணி முன்னால் வைத்தார்.

அந்த அட்டவணையை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்றேன். அதற்கு எத்தனை மேற்கோள் என்று கேட்பார்கள் என்றார் அண்ணி. கேட்பார்கள்தான், அந்தக் கட்டுரைக்கும் இதுவரை ஒன்றும் இல்லை. "அப்ப நாமே ஒண்ணு குடுப்போம்" என்று சொல்லி, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். அரைப் பக்கம். நிறுவனத்தின் பெயர் இல்லை, வீட்டு முகவரிதான். எந்த முடிவையும் கூறுவதற்கு முன், முதல் வாக்கியமாக, நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று எழுதினார்.

அதே சிறிய இதழுக்கு அனுப்பியிருக்கிறோம். பெற்றுக்கொண்டதாக அட்டை வந்திருக்கிறது. நேற்று மருந்துக் கடையில் அந்தப் புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எச்சரிக்கை இன்னும் இல்லை. மழை விட்டுவிட்டது, பண்ணைக்காரர் கடாவுக்குச் சாயம் குழைக்கத் தொடங்கிவிட்டாராம்.